மாட்டுக்குப் போட்ட ஊசி, எரியாத சாண எரிவாயு அடுப்பு: கானாடுகாத்தானிலிருந்து ஒரு கேள்வி

4 ஆகஸ்ட் 2024 (வாசகியின் கேள்வி)

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டைத் தாண்டித் தொழுவமும், அதை ஒட்டி இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனும் இருக்கின்றன. இரும்பு மூடி மிதக்கும் பழைய வகை. மூன்று கலப்பின மாடுகளில் இரண்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டோம். அதன் பிறகு அடுப்பு எரிவது நின்றுவிட்டது. மூடி வழக்கம்போல் மேலே எழுகிறது, குழாயைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வருகிறது, தீ மட்டும் பற்றவில்லை. ஊசி மருந்து சாணத்தில் இறங்கிக் கலனில் உள்ள கிருமிகளைக் கொன்றுவிட்டது என்கிறார் பால்காரர். கலனுக்குள் போனால் கெட்ட கிருமி எதுவும் பிழைக்காது, வெளியே வரும் கசடு சுத்தமான எரு என்று கலன் கட்டியபோது சொன்னார்கள். அந்தக் கசடைத்தான் கீரைப் பாத்திக்கு விடுகிறோம். இரண்டில் எது சரி, தம்பிமார்கள் யாராவது சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு

ஆச்சி, பால்காரர் சொன்னதில் பாதி சரி. கலன் கட்டியவர்கள் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கால்நடைக் கழிவில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு, அதாவது மருந்துக்குக் கிருமி சாகாமல் தாங்கும் திறன், எப்படிப் பரவுகிறது என்பதும், சாணத்திலிருந்து மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் எப்படி வாழ்கின்றன என்பதும் என் ஆய்வின் இரண்டு பக்கங்கள். தேவகோட்டைப் பக்கம் பிறந்தவன் என்பதால் உங்கள் ஊர்த் தொழுவத்தின் அமைப்பும் எனக்குத் தெரியும்.

முதலில் அடுப்பைப் பார்ப்போம். நன்றாக வேலை செய்யும் கலனிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன் இருக்கும். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, சிறிது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீராவி. மீத்தேன் பாதிக்கும் கீழே இறங்க இறங்கச் சுடர் பர்னரை விட்டுத் தாவி எரியும், பிறகு அணைந்து அணைந்து போகும், இன்னும் இறங்கினால் தீக்குச்சியைப் பக்கத்தில் பிடித்தாலும் பற்றாது. மூடி எழுகிறது என்றால் உள்ளே வாயு உண்டாகிறது. பற்றவில்லை என்றால் அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. சாணத்தை உடைத்துப் புளிக்க வைக்கும் கூட்டம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அந்தப் புளிப்பை எடுத்து மீத்தேனாக மாற்ற வேண்டிய கூட்டம் பின்தங்கிவிட்டது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். மூடியே எழாமல் கிடந்திருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன்.

5 ஆகஸ்ட்

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். சாணம் மீத்தேனாக மாறுவது ஒரே உயிரியின் வேலையன்று. நாரையும் மாவையும் உடைப்பவை ஒரு கூட்டம். உடைந்ததை உண்டு புரோப்பியோனிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக மாற்றுபவை இன்னொரு கூட்டம். அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிப்பவை மூன்றாவது. அவற்றை எடுத்து மீத்தேனாக்குபவை கடைசி. முதல் மூன்றும் பெரும்பாலும் பாக்டீரியாக்கள். கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே இல்லை. 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் உயிரணுவில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்து, மீத்தேன் உண்டாக்கிகள் உயிர்களின் தனியொரு பெரும்பிரிவைச் சேர்ந்தவை என்று காட்டினார்கள். அந்தப் பிரிவைத்தான் இன்று ஆர்க்கியா என்கிறோம்.

இந்த வேறுபாடு உங்கள் கலனுக்கு நேரடியாகப் பொருந்தும். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் என்ற பொருள் கட்டப்படுவதைத் தடுத்துக் கொல்கின்றன. ஆர்க்கியாவின் சுவரில் அந்தப் பொருளே கிடையாது. ஆகவே மடிநோய்க்குப் போடும் பல ஊசிகள் மீத்தேன் உண்டாக்கிகளை நேராகத் தொடுவதில்லை. அவற்றுக்கு உணவு கொடுக்கும் மூன்றாவது கூட்டத்தைத் தொடுகின்றன. அடி அங்கே விழுந்தாலும் அடுப்பு அணைந்துதான் போகும், ஏனென்றால் இந்த இரண்டு கூட்டங்களும் ஒன்றையொன்று விட்டால் வாழ முடியாதவை.

இந்தக் கூட்டுவாழ்வு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு என் துறையில் ஒரு பழைய சான்று உண்டு. மெத்தனோபாசில்லஸ் ஓமெலியான்ஸ்கி என்ற பெயரில் ஓர் உயிரியைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடங்களில் வளர்த்து வந்தார்கள். எத்தனாலை உண்டு மீத்தேனைத் தரும் ஒரே உயிரி என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 1967இல் மார்வின் பிரையன்ட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அது இரண்டு உயிரிகளின் கூட்டு என்று நிரூபித்தார்கள். ஒன்று எத்தனாலை உண்டு ஹைட்ரஜனை வெளியிடுகிறது, மற்றது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேனாக்குகிறது. ஹைட்ரஜன் தேங்கினால் முதலாவது உயிரியால் எத்தனாலைத் தொடர்ந்து உண்ண முடியாது. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கலனைத் தனித்தனி உயிரிகளின் பட்டியலாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

5 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது பொது விளக்கம். உங்கள் கலனுக்குத் தீர்ப்புச் சொல்ல மூன்று செய்திகள் வேண்டும். எந்த மருந்து போட்டார்கள்? ஊசி போட்ட நாட்களில் கறந்த பாலை என்ன செய்தீர்கள்? தொழுவத்தை ஃபினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கம் உண்டா, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

7 ஆகஸ்ட்

ஆச்சியின் பதில் வந்துவிட்டது. முதலில் ஆக்சிடெட்ராசைக்ளின், வீக்கம் வற்றாததால் பிறகு செஃப்ட்ரியாக்சோன். ஃபினாயில் கிடையாது. பாலைப் பற்றி எழுதியதை அப்படியே தருகிறேன்: “ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடிக்கக் கூடாது என்றார்கள், சரி. பாலைத் தரையில் ஊற்ற மனம் வரவில்லை தம்பி. கலனில் ஊற்றினால் வாயுவாவது வரும் என்று சாணத்தோடு கலந்து ஊற்றிவிட்டோம்.”

பாலைத் தரையில் ஊற்ற யாருக்கும் மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கலனுக்கு நேர்ந்ததில் பெரும்பங்கு இந்தப் பாலுக்கு உண்டு என்று நினைக்கிறேன், இரண்டு காரணங்களால். பாலில் உள்ள சர்க்கரை மிக விரைவில் அமிலமாகும். நாரை உடைக்கப் பல நாட்கள் எடுக்கும் கூட்டத்துக்குச் சில மணி நேரத்தில் புளிக்கும் பொருளைக் குடம் குடமாகக் கொடுத்தால், கடைசிக் கூட்டம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இரண்டாவது, நோயுற்ற மடியிலிருந்து வரும் அந்தப் பாலில் மருந்து இருக்கிறது. குடிக்கக் கூடாது என்று சொன்னதே அதனால்தான்.

மருந்துகளும் எல்லாம் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. செஃப்ட்ரியாக்சோன், பென்சிலின் போன்ற பீட்டா லாக்டம் குடும்பத்து மருந்துகள் சாணத்தில் விரைவாகச் சிதைந்துவிடும். அவற்றைச் சிதைக்கும் நொதிகளைப் பல பாக்டீரியாக்கள் முன்பே வைத்திருக்கின்றன. ஆக்சிடெட்ராசைக்ளின் அப்படியில்லை. மாட்டின் உடலில் பெரிதாக மாறாமல் சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறுகிறது, கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்து சாணத்தின் திடப்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது, கலனில் நெடுநாள் தங்குகிறது. மாடுகளுக்குப் போடும் இன்னொரு மருந்தான என்ரோஃப்ளாக்சசினும் இவ்வாறே ஒட்டிக்கொள்ளும். அது மாட்டின் உடலிலேயே ஓரளவு சிப்ரோஃப்ளாக்சசினாக மாறிவிடுகிறது, அதாவது நாம் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் அதே மாத்திரையின் மருந்தாக.

ஆகவே, பால்காரருக்குப் பாதி மதிப்பெண் என்று முதலில் சொன்னதை இன்னும் சற்றுக் கூட்டலாம்.

8 ஆகஸ்ட்

என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து:

கலனுக்குச் சாணம் போடுவதை ஒரு வாரமாவது நிறுத்துங்கள். பாலோ சோறோ கஞ்சியோ எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும், புளிப்பை அளக்கும் பி.எச். தாளைக் கசடில் தொட்டுப் பாருங்கள், 6.8 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது, 6.5க்குக் கீழே என்றால் சுண்ணாம்புத் தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் எதிர்ப்பக்கம் போய்விடும். அக்கம்பக்கத்தில் நன்றாக எரியும் கலன் இருந்தால், அண்மையில் ஊசி போடாத மாடுகளின் கலனா என்று கேட்டுக்கொண்டு, அங்கிருந்து சில வாளிக் கசடை வாங்கி ஊற்றுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதுதான் இது. பிறகு பொறுமை வேண்டும். குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அசிட்டிக் அமிலத்தை மீத்தேனாக்கும் மெத்தனோத்ரிக்ஸ் இரட்டிக்கப் பல நாட்கள் ஆகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். என்ன காரணத்துக்காகவும் யாரையும் கலனுக்குள் இறங்க விடாதீர்கள், மூடியைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிக அளவில் இருந்தால் மூக்கின் மோப்ப உணர்வையே முதலில் மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் திரும்பி வர மாட்டார்.

9 ஆகஸ்ட்

“புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை வாங்கி ஊற்றினால் சீக்கிரம் எரியாதா?” என்று புதுவயல் வாசகர் கேட்டிருக்கிறார். மீத்தேன் உண்டாக்கிகள் காற்றுப் பட்டால் தாங்காதவை. ஆய்வுக்கூடத்தில் அவற்றை வளர்க்கும் புட்டிகளைத் தடித்த ரப்பர் அடைப்பான் வைத்து, அலுமினிய வளையத்தால் இறுக்கி, உள்ளே உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றித்தான் வைக்கிறோம். ஊடகத்தில் ரெசசூரின் என்ற சாயத்தைச் சிறிது சேர்ப்போம். ஆக்சிஜன் இல்லாத வரை திரவம் நிறமில்லாமல் இருக்கும். ஊசி நுழைத்த துளை வழியே அணுவளவு காற்று கசிந்தாலும் மேற்பரப்பில் இளஞ்சிவப்பு ஒரு வளையமாகத் தோன்றி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கும். அந்த நிறத்தைக் கண்டால் அந்தப் புட்டியை ஒதுக்கிவிட வேண்டியதுதான். திருகுமூடிப் புட்டியில் அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் கரைசலை விட, பக்கத்து வீட்டுக் கலனின் கசடுக்கே என் வாக்கு.

11 ஆகஸ்ட்

கோடையில் வற்றும் கண்மாயின் சேற்றில் குமிழி வருமே, அதுவும் இந்த வாயுவா என்று ஒருவர் கேட்கிறார். ஆம், அதேதான். 1776இல் அலெசாண்ட்ரோ வோல்ட்டா இத்தாலியின் மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேர்த்துப் பற்றவைத்துப் பார்த்துத்தான் மீத்தேனை அடையாளம் கண்டார். நம் ஊர்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிவந்ததும் இந்தச் சதுப்பு வாயுவோடு தொடர்புடையது என்று பரவலாகச் சொல்வார்கள். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. பற்றவைக்க வேறொன்று வேண்டும். கசடைப் பாத்திக்கு விடுவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதுதான் எனக்கு முக்கியம்.

15 ஆகஸ்ட்

மாட்டுக்கு இவ்வளவு ஊசி எப்போது வந்தது என்ற கேள்விக்கு விடையின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அங்கே லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அவர் அழைத்து வேலைக்கு அமர்த்திய பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் பிறந்தது. 1948இல் வெளியுலகுக்கு வந்த அதுதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. ஆச்சியின் மாட்டுக்குப் போட்ட ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு மூத்தது. மருந்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தபோது குஞ்சுகள் விரைவாக வளர்ந்ததை அதே நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டடும் கண்டார்கள். நோயில்லாத பிராணிக்கும் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கம் உலகெங்கும் அதிலிருந்து வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை 2006இல் முழுவதும் நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது.

உயிர்காக்கும் மருந்து ஒன்றைத் தேடி எடுத்தவர்களின் உழைப்பைத் தீவனத் தொட்டியில் கொட்டிக் கரைத்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

24 ஆகஸ்ட்

ஆச்சி எழுதியிருக்கிறார்: அடுப்பு எரிகிறது, சுடர் நீலமாக இருக்கிறது, காலையில் காப்பி அதில்தான் போட்டார்களாம். வாழ்த்துச் சொன்ன எல்லாரோடும் நானும் மகிழ்கிறேன். இதையே பார்த்துச் சிலர் “கலன் மருந்தை வென்றுவிட்டது, இனிக் கசடைத் தயங்காமல் விடலாம்” என்று எழுதியிருப்பதால்தான் இந்த நீண்ட குறிப்பு.

கலன் எப்படி மீண்டது என்பதை யோசியுங்கள். மருந்தில் ஒரு பகுதி சிதைந்திருக்கும், ஒரு பகுதி கசடோடு வெளியே போயிருக்கும், புதிய கசடு சேர்ந்தது, புளிப்பும் தணிந்தது. இவையெல்லாம் உண்மை. இவற்றோடு இன்னொன்றும் நடந்திருக்க வாய்ப்பு உண்டு. மருந்து இருந்த நாட்களில் அதைத் தாங்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருகி, தாங்காதவை விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். டெட்ராசைக்ளினைத் தொடர்ந்து பெறும் கலன்கள் முதலில் தடுமாறி, பின்பு பழகிக்கொண்டு பழையபடி வாயு தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழகிக்கொண்டது என்று நாம் சொல்வதில் எதிர்ப்புத் திறனுள்ளவை பெருகியதற்கும் பங்கு உண்டு. நீலச் சுடர் மீத்தேன் உண்டாக்கிகளின் நலத்தைத்தான் சொல்கிறது. கசடில் எந்தப் பாக்டீரியா எந்த மருந்துக்கு அசையாமல் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கலனின் வெப்பமும் இங்கே முக்கியம். நம் ஊரில் கலனுக்குள் வெப்பம் 30 பாகையை ஒட்டித்தான் இருக்கும், கோடையில் சற்றுக் கூடும். மீத்தேன் உண்டாக்கிகளுக்கு அது இதமானது, குடல்வாழ் பாக்டீரியாக்களுக்கும் இதமற்றது என்று சொல்ல முடியாது. சாணத்தில் உள்ள ஈ. கோலை இப்படிப்பட்ட கலனில் பத்தில் ஒன்றாகவோ நூற்றில் ஒன்றாகவோ குறைகிறது, ஒழிவதில்லை. வித்துகளாக உறங்கும் கிளாஸ்ட்ரிடியம் போன்றவை அப்படியே வெளியே வரும். 55 பாகையில் இயங்கும் வெப்பக் கலன்களில் இந்தக் குறைவு பெரியதாக இருக்கிறது, ஆனால் வீட்டுத் தொழுவத்தில் அதை யாரும் நடத்துவதில்லை.

பாக்டீரியா செத்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் என்னைப் பெரிதும் கவலைப்படுத்துவது. எதிர்ப்பைத் தரும் மரபணு பல நேரங்களில் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது, ஒரு பாக்டீரியா அதை முற்றிலும் வேறு இனத்துக்கும் கொடுக்கும். ஜப்பானில் வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லாவும் குடலில் வாழும் ஈ. கோலையும் பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே பொட்டலமாகக் கைமாற்றிக்கொள்வதை 1959இலேயே கண்டுவிட்டார்கள். கலனுக்குள் எண்ணிலடங்காத பாக்டீரியாக்கள் வாரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட கைமாற்றத்துக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

25 ஆகஸ்ட்

“கண்ணால் கண்டதுண்டா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. கசடை உப்புக்கரைசலில் பல மடங்கு நீர்த்து, பாக்டீரியா வளர்க்கும் மக்காங்கி அகார்த் தட்டுகளில் பரப்புவோம். ஒரு தட்டில் மருந்து கிடையாது, பக்கத்துத் தட்டில் டெட்ராசைக்ளின் கலந்திருக்கும். ஓரிரவு 37 பாகையில் வைத்து மறுநாள் திறந்தால், மருந்தில்லாத தட்டில் பால் சர்க்கரையை உண்ணும் ஈ. கோலை கருஞ்சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். மருந்துத் தட்டு வெறிச்சென்று இருக்க வேண்டும். ஊசி அடிக்கடி போடும் தொழுவங்களின் கசடில் அது வெறிச்சென்று இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்தப் புள்ளிகளில் ஒன்றை எடுத்து வேறொரு தட்டில் பரப்பி மருந்துத் தாள்வில்லைகளை வைத்தால், வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழ வேண்டிய இடத்தில் பாக்டீரியா வில்லையின் விளிம்பு வரை வந்து முட்டி நிற்பதைப் பார்க்கலாம். மருந்தெதிர்ப்பால் நேரடியாக உயிரிழந்தவர்கள் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் என்று 2022இல் லான்செட் இதழ் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. அந்த எண்ணை என்னால் அட்டவணையில் பார்ப்பதை விட இந்தத் தட்டில்தான் உணர முடிகிறது.

27 ஆகஸ்ட்

“நாட்டு மாட்டுச் சாணத்தில் இந்தத் தொல்லையே கிடையாது, எல்லாரும் புலிக்குளத்துக்கு மாறுங்கள்” என்ற கருத்துக்கு: புலிக்குளம் மாடு நம் சீமையின் பெருமை, மஞ்சுவிரட்டுத் திடலுக்கு வெளியேயும் அது வாழ வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். நிறையக் கறக்கும் கலப்பினத்தை விட அதற்கு மடிநோய் குறைவு, ஆகவே ஊசியும் குறைவு. அந்த அளவுக்கு உங்கள் பேச்சு சரி. எதிர்ப்பு மரபணுவே இராது என்பது சரியன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்றவை மனிதன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஆன்டிபயாடிக்குகளை உண்டாக்கி வந்திருக்கின்றன, எதிர்ப்பும் கூடவே வளர்ந்திருக்கிறது. 30,000 ஆண்டுகள் உறைபனியில் கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணு இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நாம் செய்தது அந்தப் பழைய மரபணுக்களுக்குத் தீனி போட்டு வளர்த்ததுதான்.

பஞ்சகவ்யம் செய்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட மாட்டின் கோமியத்தில் மருந்தின் செறிவு சாணத்தை விடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். அந்த நாட்களில் அந்த மாட்டின் சாணம், கோமியம், பால் எதையும் பஞ்சகவ்யத்துக்கு எடுக்காதீர்கள்.

3 செப்டம்பர்

கீரைப் பாத்திக்கு வருகிறேன். பச்சையாக உண்ணும் வெள்ளரி, கொத்தமல்லி, வெங்காயத்துக்கும் தரையோடு படரும் கீரைக்கும் கசடை நேரே விட வேண்டாம். தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் விடலாம். கீரைக்கு வேண்டுமென்றால் கசடை வைக்கோல், சருகு, நிலக்கடலைத் தோல் இவற்றோடு கலந்து குவித்து, கிளறிக் கிளறிக் காயவிட்டு மக்க வையுங்கள். நன்றாக அமைந்த குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகையைத் தாண்டும், கையை நுழைத்தால் பொறுக்க முடியாது. அந்தச் சூடு பல நாட்கள் நீடித்து, குவியலின் வெளிப்பகுதியும் கிளறப்பட்டு நடுவுக்குப் போய் வந்தால், கலன் செய்யாத வேலையைக் குவியல் பெருமளவு செய்துவிடும். டெட்ராசைக்ளினும் அந்தச் சூட்டில் கணிசமாகச் சிதைகிறது. ஃப்ளாக்சசின் வகை மருந்துகள் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை.

ஊசி போட்ட மாட்டின் சாணத்தைக் கலனில் போடாமல் ஒரு தனிக் குழியில் போடலாமா என்று கேட்டவருக்கு: தனியாக வைப்பது சரி, குழிதான் வேண்டாம். நம்முடையது செம்பூராங்கல் பூமி, ஐப்பசியில் மழை கொட்டும்போது குழி நிரம்பி வழியும், வழிந்தது சரிவைப் பிடித்து ஊருணிக்குப் போகும். எதிர்ப்பு மரபணு தண்ணீரிலும் கலந்துவிடும் என்பதற்கு, கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற மரபணு ஒரு சான்று. 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் முதலில் தெரிந்த அந்த மரபணுவை, 2011இல் டெல்லியின் தெருவோரத் தேங்கு நீரிலும் குழாய்த் தண்ணீரிலும் கண்டார்கள். ஆகவே கூரைக்குக் கீழே, தரைக்கு மேலே, சருகோடு சேர்த்துக் குவியலாக வையுங்கள்.

6 செப்டம்பர்

கலனில் கரித்தூள் போடுவது பற்றிப் பள்ளத்தூர் வாசகர் கேட்டது நல்ல கேள்வி. பாக்டீரியாக்கள் மீத்தேன் உண்டாக்கிகளுக்கு ஹைட்ரஜன் வழியே மட்டும் சக்தியைக் கொடுப்பதில்லை. சில இனங்கள் எலக்ட்ரான்களை நேரடியாகவே கடத்துகின்றன. ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா மெத்தனோத்ரிக்ஸுக்கு இப்படிக் கொடுப்பதை 2014இல் காட்டினார்கள். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் இந்தக் கைமாற்றம் எளிதாகிறது, சில ஆய்வுகளில் மீத்தேன் கூடியிருக்கிறது. 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனம் நடக்கும் காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சீமைக் கருவேலங்கரியும் நம்மிடம் மலிவு. கரி டெட்ராசைக்ளினைப் பிடித்துவைத்தும் கொள்ளும், அதனால் கலன் சீக்கிரம் தேறும். இதில் ஒரு தயக்கம் எனக்கு உண்டு: பிடித்துவைப்பது அழிப்பது ஆகாது. மருந்து கரியோடு கசடுக்கு வந்து அங்கிருந்து நிலத்துக்குப் போகும். ஆகவே வாயுவுக்காகக் கரி போடுங்கள். மருந்துக்குப் பரிகாரமாகக் கரியை நம்பாதீர்கள்.

14 செப்டம்பர்

மூன்றாவது மாட்டுக்கும் ஒரு காம்பில் பால் திரிகிறது என்று ஆச்சி எழுதியிருக்கிறார். இந்த முறை ஊசிக்கு முன்பே எழுதியதற்கு நன்றி.

மடியில் சூடும் வீக்கமும் மாட்டுக்குக் காய்ச்சலும் இருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்; மருந்து தேவைப்படும் இடத்தில் மருந்து வேண்டும். காய்ச்சல் இல்லை, மாடு தீவனம் எடுக்கிறது என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் முறையைத் தொடங்கலாம். தேசிய பால்வள வாரியமே அதைப் பரிந்துரைக்கிறது. காம்பைக் கழுவி முழுவதும் கறந்துவிட்டு, நாளில் பல முறை பூச வேண்டும்.

எப்படியானாலும் பால் மாதிரியை ஊசிக்கு முன்பு எடுத்துவிடுங்கள். மடியைக் கழுவித் துணியால் துடைத்து, காம்பின் நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். முதல் சில பீச்சைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு, அடுத்ததைக் கிருமிநீக்கம் செய்த புட்டியில், புட்டியின் வாய் காம்பில் படாமல், சாய்த்துப் பிடித்து வாங்குங்கள். மூடி, மாட்டின் அடையாளமும் எந்தக் காம்பு என்பதும் நேரமும் எழுதி, பனிக்கட்டியில் வையுங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்வார்களா என்பதை மருத்துவர் வழியே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்த பாலில் கிருமி தட்டில் வளராமல் போகலாம், முடிவு எதுவும் தெரியாது. காலைக் கறவையில் எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் பேருந்தில் கொடுத்தனுப்பிவிடலாம்.